பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி: என்ன மாறும், என்ன மாறாது

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை அப்படியே விட்டுட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கோம்.)

இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியை வச்சு முழு எபிசோடும் பேசப்போறேன். கோயம்புத்தூர்ல கடைசி வருஷம் இன்ஜினியரிங் படிக்கிற ஒரு நேயர் அனுப்பின கேள்வி. அவங்க அப்பா 2017-ல வாங்கிக் கொடுத்த லேப்டாப். ஐ5 ப்ராசஸர், ஏழாம் தலைமுறை. 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணினா டெஸ்க்டாப் வரவே அஞ்சு நிமிஷம். வந்த பிறகும் எதை க்ளிக் பண்ணினாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. சர்வீஸ் கடையில கேட்டா, "இதுக்கு வயசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டாங்களாம். ப்ராஜெக்ட் கொடுக்க இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. தம்பிக்கும் இந்த வருஷம் காலேஜ் ஃபீஸ் கட்டணும், இந்த நேரத்துல வீட்டுல எப்படிக் கேக்கறதுன்னு எழுதியிருந்தாங்க.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். அந்த லேப்டாப்புக்கு வயசாகலை. அதுக்குள்ள இருக்கிற ஒரே ஒரு பாகம்தான் மத்த எல்லாத்தையும் காக்க வைக்குது. அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டா, ப்ராஜெக்ட் என்ன, அதுக்குப் பிறகு ஒண்ணு ரெண்டு வருஷம்கூட ஓட்டலாம். ஆனா மாத்தற வேலையில ஒரு ஆபத்தான இடம் இருக்கு. அது ஸ்க்ரூ கழட்டற இடம் இல்லை, டேட்டாவை நகர்த்தற இடம். அதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல, ஏன் மெதுவா இருக்கு?

ஹார்ட் டிஸ்க்னா உள்ள நிஜமாவே ஒரு தட்டு சுத்துது. கண்ணாடி இல்லைன்னா அலுமினியத் தட்டு, மேல காந்தப் பூச்சு. ஒரு சின்னக் கை, அதோட நுனியில ஹெட், தட்டைத் தொடாம, ஆனா மயிரிழையை விடப் பல மடங்கு கம்மியான இடைவெளியில பறந்துக்கிட்டே படிக்கும். இது இன்னைக்கு நேத்து வந்த யோசனை இல்லை. ஐபிஎம் 1956-ல வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்ல 24 அங்குல அகலத்துல 50 தட்டு இருந்தது. மொத்தமா 50 லட்சம் எழுத்துதான் பிடிக்கும். இப்போ உங்க போன்ல எடுக்கிற ஒரு போட்டோவுக்கே அது பத்தாது. அளவு சுருங்கிச்சு, கொள்ளளவு எக்கச்சக்கமா ஏறிச்சு. ஆனா தட்டு சுத்தணும், கை நகரணும்கிற விஷயம் மட்டும் மாறவே இல்லை.

லேப்டாப்ல வர்ற ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் 5400 ஆர்பிஎம். நிமிஷத்துக்கு 5400 சுத்து, அதாவது செகண்டுக்கு 90. ஒரு சுத்துக்கு 11 மில்லிசெகண்ட். திருவிழா ராட்டினத்தை நினைச்சுக்கங்க. உங்க குழந்தை உட்கார்ந்திருக்கிற குதிரை உங்க முன்னாடி வரணும்னா, சில சமயம் உடனே வரும், சில சமயம் முழு சுத்து காத்திருக்கணும். சராசரியா அரை சுத்து. அதாவது கிட்டத்தட்ட 5.5 மில்லிசெகண்ட். அதுக்கு முன்னாடி கை சரியான வளையத்துக்கு நகரணும், அதுக்கு ஒரு 12 மில்லிசெகண்ட். ஆக, ஒரு துண்டு டேட்டாவை எடுக்க 17, 18 மில்லிசெகண்ட். கேக்க ரொம்பக் கம்மியாத்தான் தெரியும். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு செகண்டுக்கு அறுபது தடவைகூட எடுக்க முடியாது.

இப்போ விண்டோஸ் ஆன் ஆகிறதை எடுத்துக்குவோம். அது ஒரே ஒரு பெரிய ஃபைலைப் படிக்கிறதில்லை. ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல், தட்டுல அங்கங்க சிதறிக் கிடக்கும். 10,000 தடவை கை நகர்ந்து நகர்ந்து எடுக்கணும்னா, மேல சொன்ன கணக்குல கிட்டத்தட்ட மூணு நிமிஷம். நிஜத்துல விண்டோஸ் கொஞ்சம் புத்திசாலித்தனமா முன்கூட்டியே படிச்சு வச்சுக்கும், பக்கத்து பக்கத்துல இருக்கிறதைச் சேர்த்து எடுக்கும். அதனால கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனா அந்த அஞ்சு நிமிஷம் எங்கே போகுதுன்னு இது காட்டிடுது இல்லையா?

எஸ்எஸ்டியில தட்டும் இல்லை, கையும் இல்லை. எல்லாம் ஃபிளாஷ் மெமரி சிப். ஜப்பான்ல தோஷிபா கம்பெனியில இருந்த ஃபுஜியோ மசுவோகாவும் அவர் குழுவும் எண்பதுகள்ல உருவாக்கின நேண்ட் ஃபிளாஷ்தான் இன்னைக்கு உங்க போன், பென் டிரைவ், எஸ்எஸ்டி எல்லாத்துலயும் இருக்கு. டேட்டா எந்த மூலையில இருந்தாலும் எடுக்கிற நேரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: சுமாரா 0.1 மில்லிசெகண்ட். 18 எங்கே, 0.1 எங்கே? நூறு மடங்குக்கு மேல.

இங்கதான் நிறைய பேர் விளம்பரத்தைப் பார்த்துக் குழம்பிடறாங்க. பெட்டி மேல "செகண்டுக்கு 550 எம்பி"ன்னு போட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க்கும்தான் 100 எம்பி தருது, அஞ்சு மடங்குதானே கூடன்னு தோணும். அந்த 100 எம்பி, ஒரு பெரிய சினிமா ஃபைலைத் தொடர்ச்சியா காப்பி பண்ணும்போது வர்ற வேகம். குட்டி ஃபைலைத் தேடித் தேடி எடுக்கும்போது அதே ஹார்ட் டிஸ்க் செகண்டுக்கு 1 எம்பிகூடத் தராது. நீங்க தினமும் அனுபவிக்கிற மெதுவு இந்த ரெண்டாவது வகை. அதனால பெட்டி மேல போட்டிருக்கிற பெரிய நம்பரைப் பெருசா எடுத்துக்காதீங்க.

ஒரு பத்துப் பதினஞ்சு வருஷம் முன்னாடி 5400-ஐ எடுத்துட்டு 7200 ஆர்பிஎம் டிஸ்க் போடறதுதான் பெரிய அப்கிரேடு. இன்னமும் சில கடையில பழைய ஸ்டாக்கை "ஃபாஸ்ட் ஹார்ட் டிஸ்க்"னு தள்ளிவிடப் பார்ப்பாங்க. அதுல அரை சுத்துக்கு 4.2 மில்லிசெகண்ட். மிச்சமாகிறது ஒன்றரை மில்லிசெகண்ட்கூட இல்லை. வேண்டாம்.

உங்க லேப்டாப்பும் இதே கேஸான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பணம் செலவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் இதைப் பாருங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்க. டிஸ்க்னு இருக்கிற இடத்துல எச்டிடியா எஸ்எஸ்டியான்னு எழுதியே இருக்கும். லேப்டாப் திணறும்போது அந்த டிஸ்க் 100 சதவீதம்னு காட்டுதா? அதே நேரத்துல கீழே வேகம் செகண்டுக்கு ரெண்டு மூணு எம்பிதான் இருக்கா? ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் நூத்துக்கணக்கான மில்லிசெகண்டா? ப்ராசஸர் பாட்டுக்கு 15, 20 சதவீதத்துல சும்மா உட்கார்ந்திருக்கா? அப்போ டிஸ்க்தான் பிரச்சினை, வேற எதையும் யோசிக்க வேண்டாம்.

டிஸ்க் சும்மா இருந்து ப்ராசஸர் 100 சதவீதத்துல ஓடுதுன்னா எஸ்எஸ்டி உங்களுக்கு உதவாது. மெமரி முழுக்க நிறைஞ்சிருந்தா ரேம் போதலை. 4 ஜிபி ரேம் இருக்கிற லேப்டாப்ல இந்த ரெண்டு பிரச்சினையும் சேர்ந்தே வரும். ரேம் பத்தாதபோது விண்டோஸ் டிஸ்க்கையே ரேம் மாதிரி பயன்படுத்தும், அந்த டிஸ்க் சுத்தற தட்டா இருந்தா சொல்லவே வேண்டாம். கையில ஒண்ணுக்குத்தான் காசு இருக்குன்னா முதல்ல எஸ்எஸ்டி, அடுத்த மாசம் ரேம். இது என் கருத்து. ஒரே நேரத்துல இருபது டேப் திறந்து வச்சிருக்கிறவங்க இதுல என்னோட சண்டை போடலாம்.

இன்னொண்ணையும் நேர்மையா சொல்லிடணும். கேம்ல ஃப்ரேம் ரேட் ஏறாது. வீடியோ எடிட் பண்ணி எக்ஸ்போர்ட் பண்ற நேரம் பெருசா குறையாது, அது ப்ராசஸர் வேலை. நெட் வேகமும் மாறாது. ஆன் ஆகிறது, ஆப் திறக்கிறது, ஃபைல் தேடறது, அப்டேட் ஓடும்போது மத்த வேலை பார்க்கிறது, இதெல்லாம்தான் தலைகீழா மாறும். கூடவே ஒரு லாபம்: பைக்ல, டவுன் பஸ்ல பையில போட்டுத் தூக்கிட்டுப் போறோமே, ஓடிக்கிட்டிருக்கும்போது ஒரு குலுக்கு குலுக்கினா ஹெட் தட்டுல இடிக்கிற பயம் எஸ்எஸ்டியில கிடையாது.

என்ன வாங்கறது?

2017 வாக்கில வந்த லேப்டாப்ல பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா டிஸ்க் இருக்கும். அதே அளவுல சாட்டா எஸ்எஸ்டி கிடைக்கும், அதே இடத்துல அதே கனெக்டர்ல உட்காரும். பழைய ஹார்ட் டிஸ்க் சிலது 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். லொடலொடன்னு ஆடினா சின்ன ஸ்பேசர் வச்சுக்கலாம். பெரும்பாலும் பழைய டிஸ்க் மாட்டியிருந்த ஃபிரேம்லயே ஸ்க்ரூ போட்டுடலாம், ஓட்டைகள் ஒரே இடத்துலதான் இருக்கும்.

சில மாடல்ல இது தவிர எம்.2-ன்னு ஒரு குட்டி ஸ்லாட் காலியா இருக்கும். சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கிற எஸ்எஸ்டி அதுல போகும். 2280-ன்னு போட்டிருந்தா 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அந்த ஸ்லாட் இருந்தா அதிர்ஷ்டம்தான், விண்டோஸை அதுல போட்டுட்டு ஹார்ட் டிஸ்க்கை அப்படியே சினிமாவுக்கும் போட்டோவுக்கும் வச்சுக்கலாம். ஆனா இங்க ஒரு கண்ணி இருக்கு. எம்.2-ங்கிறது வெறும் வடிவம். அதுக்குள்ள சாட்டா பேசற எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ பேசற எஸ்எஸ்டியும் உண்டு. பார்க்க ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. உங்க ஸ்லாட் சாட்டாவுக்கு மட்டும்னா, என்விஎம்இ வாங்கி மாட்டினா டிஸ்க்கே தெரியாது. வாங்கறதுக்கு முன்னாடி உங்க லேப்டாப்போட முழு மாடல் நம்பரை வச்சு, கம்பெனி தர்ற சர்வீஸ் மேனுவல்ல பார்த்துக்கங்க. மாடல் நம்பர் அடியில ஸ்டிக்கர்ல இருக்கும்.

"என்விஎம்இ செகண்டுக்கு 3,500 எம்பி வருதே, சாட்டா 550-ல நின்னுடுதே, காசு கொடுத்தாலும் நல்லதா வாங்கலாமே"ன்னு கேப்பீங்க. ஸ்லாட் இருந்தா, விலையும் ஒண்ணா இருந்தா வாங்குங்க. ஆனா ஹார்ட் டிஸ்க்ல இருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வரும்போது கண்ணுக்குத் தெரியற வித்தியாசம், சாட்டாவில இருந்து என்விஎம்இக்குப் போகும்போது தினசரி வேலையில தெரியாது. முதல் தாவல்தான் பெரிய தாவல். அதுக்காக லேப்டாப்பையே மாத்தறது அநியாயம்.

எத்தனை ஜிபி? சி டிரைவ்ல இப்போ எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு பாருங்க. 1 டிபி டிஸ்க்கா இருந்தாலும் பல பேர் 200, 250 ஜிபிக்கு மேல போயிருக்க மாட்டாங்க. அவங்களுக்கு 500 ஜிபி தாராளம். விலை சொல்லுங்கன்னு கேக்காதீங்க, ஃபிளாஷ் மெமரி விலை தங்கம் மாதிரி ஏறி இறங்கும், இன்னைக்கு நான் சொல்றது நீங்க கேக்கற அன்னைக்குத் தப்பா இருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட் போறவங்க மூணு கடை ஏறி இறங்குங்க. பில்லும் வாரண்டியும் இல்லாம மட்டும் வாங்காதீங்க.

"எஸ்எஸ்டி எழுத எழுதத் தேஞ்சு போயிடும்"னு ஒரு பயம் இன்னமும் சுத்துது. தேயறது உண்மைதான். எவ்வளவுன்னு பார்ப்போம். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி மாடலுக்கு கம்பெனி வாரண்டியில சொல்ற எழுதும் அளவு 300 டிபி. தினமும் 20 ஜிபி எழுதினாக்கூட 15,000 நாள், அதாவது 41 வருஷம். அதுக்கு முன்னாடி லேப்டாப்போட கீல் உடைஞ்சிடும்.

நிஜமா பயப்பட வேண்டியது போலி சரக்குக்கு. ஆன்லைன்ல நம்ப முடியாத விலைக்கு 2 டிபி, 4 டிபின்னு பேர் தெரியாத எஸ்எஸ்டி வரும். திறந்து பார்த்தா உள்ள ஒரு சின்ன மெமரி கார்டு ஒட்டியிருக்கும். கம்ப்யூட்டர்கிட்ட மட்டும் 2 டிபின்னு பொய் சொல்லும். அதுல எழுத எழுத, கொள்ளளவு தாண்டினதும் பழைய டேட்டா மேலயே எழுதும், இல்லைன்னா எழுதின மாதிரி நடிக்கும். நீங்க திறந்து பார்க்கிற அன்னைக்குத்தான் தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச டூல் இருக்கு. டிஸ்க் முழுக்க எழுதி, திரும்பப் படிச்சுச் சரிபார்க்கும். சந்தேகம் இருந்தா டேட்டா போடறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி அதை ஓட விடுங்க.

ஒரு விஷயத்தை இடையில சொல்லிக்கறேன். எல்லா லேப்டாப்லயும் இதைச் செய்ய முடியாது. ரொம்ப விலை கம்மியான மெல்லிய மாடல் சிலதுல இஎம்எம்சின்னு ஒரு சிப்பை மதர்போர்டுலயே சால்டர் பண்ணியிருப்பாங்க, கழட்டவே முடியாது. ஆப்பிள்லயும் அப்படித்தான். 2012-ல வந்த, ரெட்டினா திரை இல்லாத மேக்புக் ப்ரோ வரைக்கும் சாதாரண 2.5 அங்குல டிஸ்க் மாத்தலாம். இப்போ வர்ற மேக்புக்ல அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இப்போ அந்த ஆபத்தான இடம்

டேட்டாவை நகர்த்த ரெண்டு வழி. ஒண்ணு க்ளோன்: பழைய டிஸ்க்கை அச்சு அசலா புதுசுல காப்பி பண்றது. இன்னொண்ணு, புதுசா விண்டோஸ் போட்டுட்டு ஃபைல்களை மட்டும் எடுத்து வைக்கிறது. ரெண்டுக்கும் முன்னாடி செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, அதைத்தான் எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க.

எட்டு வருஷம் ஓடின ஹார்ட் டிஸ்க் மெதுவா இருக்குன்னா, அது வெறும் மெதுவு மட்டும்தானா, இல்லை சாகப்போகுதான்னு முதல்ல பார்க்கணும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் போட்டா டிஸ்க்கோட ஸ்மார்ட் ரிப்போர்ட்டைக் காட்டும். அதுல ரீஅலொகேட்டட் செக்டார், கரன்ட் பெண்டிங் செக்டார்னு ரெண்டு வரி. மஞ்சள் நிறத்துல "காஷன்"னு வந்தாலோ, டிஸ்க்ல இருந்து டக் டக்னு சத்தம் வந்தாலோ, க்ளோன் பக்கமே போகாதீங்க. ஏன்னா க்ளோன்னா முதல் மூலையில இருந்து கடைசி மூலை வரைக்கும் மணிக்கணக்கா இடைவிடாம படிக்கிற வேலை. பலவீனமான டிஸ்க் பாதியிலயே விழுந்துடலாம். அப்போ போறது பிரிக்க முடியாத ப்ராஜெக்ட் ஃபோல்டரும், காலேஜ் போட்டோவும்.

அதனால வரிசை இதுதான். முதல்ல, இழந்தா திரும்ப உருவாக்கவே முடியாததை மட்டும் எடுங்க. ப்ராஜெக்ட் கோட், ரிப்போர்ட், சர்டிபிகேட் ஸ்கேன், போட்டோ. பென் டிரைவ், கிளவுட், அக்கா லேப்டாப், எதுலயாவது போடுங்க. போட்டுட்டு அங்கே போய் ரெண்டு மூணு ஃபைலைத் திறந்தும் பாருங்க. அதுக்குப் பிறகு க்ளோனோ புது விண்டோஸோ, எது வேணா செய்யலாம்.

க்ளோன் பண்றவங்களுக்கு ஒரு யுஎஸ்பி-சாட்டா கேபிள் வேணும். புது எஸ்எஸ்டியை அதுல வெளியில மாட்டி, மென்பொருள் வச்சுக் காப்பி பண்ணலாம். எஸ்எஸ்டி கம்பெனிகள் சிலது அதுக்கான டூலை இலவசமா தருது. க்ளோன்ஜில்லாவும் இருக்கு, ஆனா அதோட திரை கொஞ்சம் மிரட்டும். பெரிய டிஸ்க்ல இருந்து சின்ன டிஸ்க்குக்குப் போகும்போது க்ளோன்ஜில்லா முரண்டு பிடிக்கும், முதல்ல பார்ட்டிஷனைச் சுருக்கணும். மென்பொருள் எதுவா இருந்தாலும், எது மூலம், எது இலக்குன்னு மாடல் பேரைப் பார்த்து ரெண்டு தடவை உறுதிப்படுத்துங்க. மாத்திக் கொடுத்தா காலி டிஸ்க்கை உங்க டேட்டா மேல காப்பி பண்ணிடும், நடுவுல நிறுத்தினாலும் பிரயோஜனம் இல்லை.

பிட்லாக்கரோ டிவைஸ் என்க்ரிப்ஷனோ ஆன்ல இருக்கான்னும் செட்டிங்ஸ்ல பாருங்க. இருந்தா, அதோட ரிகவரி கீயை உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருந்து எடுத்து ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க. எண்கள் மட்டுமே 48 இருக்கும், சலிக்காம எழுதுங்க. டிஸ்க் மாத்தின பிறகு திடீர்னு அந்தக் கீயைக் கேட்டா, அது இல்லாம உங்க டேட்டாவை யாராலயும் திறக்க முடியாது.

என்னைக் கேட்டா புதுசா விண்டோஸ் போடறதுதான் பிடிக்கும். எட்டு வருஷக் குப்பையையும் சேர்த்து ஏன் புது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும்? லைசென்ஸ் போயிடுமோன்னு கவலை வேண்டாம். ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 மதர்போர்டை அடையாளம் வச்சுத்தான் லைசென்ஸை ஞாபகம் வச்சுக்கும், டிஸ்க் மாத்தினா போகாது. ஆனா ப்ராஜெக்ட் கொடுக்க ரெண்டு மாசம் இருக்கிற நேயருக்கு நான் க்ளோன்தான் சொல்வேன், டிஸ்க் ஆரோக்கியமா இருந்தா. மேட்லேப், காம்பைலர், லைப்ரரி எல்லாத்தையும் திரும்ப நிறுவி சரிபண்றதுக்கே ஒரு வாரம் ஓடிடும்.

ஸ்க்ரூ கழட்டற வேலை நிஜமா சின்ன வேலைதான். ஷிஃப்ட் கீயை அமுக்கிக்கிட்டே ஷட் டவுன் கொடுத்தா முழுசா அணையும். சார்ஜரைப் பிடுங்குங்க. உள்ள இருக்கிற பேட்டரியா இருந்தா, மூடியைத் திறந்ததும் முதல் வேலையா அதோட கனெக்டரைக் கழட்டுங்க. ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம்னு நினைக்காதீங்க. ஒரு வெள்ளைத் தாள்ல லேப்டாப் படம் வரைஞ்சு, எந்த ஓட்டையில இருந்து எடுத்ததோ அந்த இடத்துலயே ஸ்க்ரூவை வைங்க. நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில முறுக்கினா கீபோர்டு பக்கம் புடைச்சுக்கிட்டு நிக்கும். மூடியை நெம்ப ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பழைய பிளாஸ்டிக் கார்டு போதும். டிவிடி டிரைவ் இருக்கிற மாடல்ல சிலதுக்கு அதை முதல்ல உருவணும், கீழே ஒரு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும்.

நீங்களே செய்யப் பிடிக்கலைன்னா கடையில கொடுங்க, தப்பே இல்லை. ஆனா முன்னாடி உட்கார்ந்து பாருங்க. பழைய டிஸ்க்கைக் கையோட வாங்கிட்டு வாங்க. "எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கறோம், இருநூறு ரூபா குறைச்சுக்கறோம்"னு சொன்னாலும் கொடுக்காதீங்க. அதுல உங்க ஆதார் ஸ்கேன் இருக்கு, பிரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டு இருக்கு, குடும்ப போட்டோ இருக்கு.

புது டிஸ்க் மாட்டி ஆன் ஆனதும் பழசை அழிச்சிடாதீங்க. ரெண்டு மூணு வாரம் அப்படியே ஒரு கவர்ல போட்டு வைங்க. க்ளோன் பண்ணினவங்க ரெண்டு டிஸ்க்கையும் சேர்த்து மாட்டினா, ரெண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்கிறதால விண்டோஸ் ஒண்ணை ஆஃப்லைன்ல போட்டுடும். பயந்துடாதீங்க, டேட்டா போகலை.

அந்த விண்டோஸ் 10 விஷயம்

இதைச் சொல்லாம விட்டா ஏமாத்தின மாதிரி ஆயிடும். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11, இன்டெல்ல பொதுவா எட்டாம் தலைமுறையில இருந்துதான் அதிகாரபூர்வமா ஏத்துக்கும். நம்ம நேயரோட ஏழாம் தலைமுறை ஐ5 அந்தக் கோட்டுக்கு ஒரு படி வெளியில நிக்குது. எஸ்எஸ்டி இதை மாத்தாது. தனிநபர்களுக்குன்னு கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒண்ணு இருக்கு, அதுல பதிவு பண்ணி ப்ராஜெக்டை முடிச்சுக்கங்க. அதுக்குப் பிறகு லினக்ஸ் மின்ட் மாதிரி ஒண்ணைப் போட்டுப் பார்க்கலாம். எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் இருந்தா அது நல்லாவே ஓடும். கோடிங், பிரவுசிங், டாக்குமென்ட்னு இருக்கிறவங்களுக்குப் பெரிய குறை தெரியாது. விண்டோஸ்ல மட்டும் ஓடற மென்பொருள் வேணும்கிறவங்களுக்குத்தான் அது தீர்வு இல்லை.

எஸ்எஸ்டிக்கு மாறின பிறகு பழக்கம் ஒண்ணு மாறியே ஆகணும். ஹார்ட் டிஸ்க்ல தெரியாம டெலீட் பண்ணினதை ரிகவரி மென்பொருள் வச்சு எடுத்த கதை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். டெலீட் பண்ணினாலும் அந்த இடத்துல வேற எழுதற வரைக்கும் பழைய டேட்டா அங்கேயே கிடக்கும், அதனாலதான் முடிஞ்சது. எஸ்எஸ்டி அப்படி இல்லை. ஃபிளாஷ்ல இருக்கிறது மேலயே நேரா எழுத முடியாது, முதல்ல ஒரு பெரிய தொகுதியா அழிச்சாத்தான் புதுசா எழுத முடியும். அதனால நீங்க டெலீட் பண்ணி, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணினதும், "இந்த இடம் இனி வேண்டாம்"னு விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிடும். இதுக்கு ட்ரிம்னு பேரு. எஸ்எஸ்டி தன் பாட்டுக்கு அதை அழிச்சு வச்சுக்கும். அதுக்கப்புறம் பெரும்பாலும் எந்தக் கடைக்காரராலயும் எடுக்க முடியாது. ஹார்ட் டிஸ்க் சாகறதுக்கு முன்னாடி பல சமயம் சத்தம் போடும், திணறும். எஸ்எஸ்டி நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடிட்டு காலையில காணாமலே போகலாம்.

அதனாலதான் பழைய டிஸ்க்கைக் கடையில கொடுக்காதீங்கன்னு சொன்னேன். ஸ்மார்ட் ரிப்போர்ட் நல்லா இருந்தா, 2.5 அங்குல யுஎஸ்பி கேஸ் ஒண்ணு வாங்கி அதுக்குள்ள போடுங்க. 1 டிபி வெளி டிஸ்க் ரெடி. ஞாயித்துக்கிழமை ஒரு தடவை மாட்டி முக்கியமான ஃபோல்டரைக் காப்பி பண்ணிட்டு, கழட்டி அலமாரியில வைங்க. ஓடற வேகம் இங்க முக்கியமே இல்லை, அது மெதுவாவே காப்பி பண்ணட்டும்.

ரிப்போர்ட் மோசமா இருந்து தூக்கிப் போடறதா இருந்தா, க்விக் ஃபார்மட் போதாது. அது டேட்டாவை அழிக்காது, அட்டவணையை மட்டும்தான் அழிக்கும். ஃபார்மட் பண்ணும்போது "க்விக்"ங்கிற டிக்கை எடுத்துட்டு முழு ஃபார்மட் கொடுங்க, விண்டோஸ் டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதும். 1 டிபிக்குச் சில மணி நேரம் ஆகும். அதையும் எழுத முடியாத அளவுக்குக் கெட்டுப் போன டிஸ்க்னா, திறந்து தட்டைச் சேதப்படுத்திட்டு இ-வேஸ்ட் வாங்கறவங்ககிட்ட கொடுங்க. சில தட்டு கண்ணாடி, உடைஞ்சா சில்லுச் சில்லா தெறிக்கும், துணியில சுத்திட்டுச் செய்ங்க.

அடுத்த எபிசோட் லேப்டாப் பேட்டரி பத்தி. எப்போதும் சார்ஜர்லயே போட்டு வைக்கலாமான்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. இந்த எபிசோட் கேட்டுட்டு டாஸ்க் மேனேஜர்ல என்ன காட்டுதுன்னு புரியாதவங்க, ஸ்க்ரீன்ஷாட்டோட லேப்டாப் மாடல் நம்பரையும் சேர்த்து அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்.